ஒரு சீசன் முழுக்க

அவர் திட்டாத ஆள் எங்கள் ஊரில் இல்லை. சிம்பாங் அம்பாட் கடைவரிசையில், மருந்துக் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில் இருந்தது அவருடைய டோபிக் கடை. முன்னால் துணி வாங்கும் நீள மேசை, பின்னால் மூன்று இயந்திரங்கள், அதற்கும் பின்னால் துணி காயப்போடும் தகரக் கொட்டகை. கொட்டகையில் அவர் குரல் கிளம்பினால் சாலைக்கு எதிர்ப்புறம் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, இன்றைக்கு யார் என்று பார்ப்பார்கள். எல்லாரும் அவரை அக்கா என்றோம். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றுதான் சொன்னார்கள். பாதுகாப்புக்காக இருக்கலாம்.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக, ஒரு நாள் விடாமல், நாட்குறிப்பு எழுதி வருபவன். இதை எழுதுவதற்காகப் பழைய நோட்டுகளை வரிசைப்படி எடுத்துப் பார்த்தேன். அக்கா வரும் பக்கங்கள் பெரும்பாலும் இப்படி இருக்கின்றன: ‘அக்கா தபால்காரரைத் திட்டினார். மழையில் கடிதத்தை நனைத்துவிட்டாராம்.’ ‘அக்கா மலாய்ப் பள்ளித் தலைமையாசிரியரைத் திட்டினார், மலாயில். பெருநாளுக்கு முந்தின நாள் ஒன்பது சட்டைகளைக் கொண்டுவந்திருக்கிறார்.’ ‘அக்கா என்னைத் திட்டினார். காரணம் நியாயமானது.’

துவைத்த துணியை எடுக்க வராதவர்கள்மேல்தான் அவருக்கு அதிகக் கோபம். “ஒரு மாசமா தொங்குது உன் சட்ட. ஒனக்கு ஒடம்பு இல்லையா, இல்ல வெக்கம் இல்லையா?” என்று நடுக்கடையில் நிறுத்திக் கேட்பார். தாமான் குடியிருப்பில் ஒருவர், மனைவி இறந்த பிறகு, இரண்டு மாதம் கடைப்பக்கமே வரவில்லை. அக்கா ஒரு மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அவர் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி, அழுக்குத் துணியோடு உட்கார்ந்திருப்பதுதான் துக்கமா என்று கேட்டு, இரண்டு மூட்டை துணியோடு திரும்பி வந்தார். மறுநாள் அந்த மனிதர் கடைக்கு வந்து, துணிக்காகக் காத்திருந்த எங்களோடு உட்கார்ந்து ஒரு ரொட்டி சாப்பிட்டார். அதற்கும் திட்டு விழுந்தது. மேசையில் ரொட்டித்தூள்.

“மொகத்துக்கு நேரா திட்டிப்புடணும்லா. முதுகுக்குப் பின்னால பேசறதுக்கு எனக்கு ஏது நேரம்?” என்பார். அது உண்மை. அவர் யாரைப் பற்றியும் அந்த ஆள் இல்லாதபோது குறை சொன்னதாக என் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை.

எங்கள் காற்பந்துக் கழகத்தின் ஜெர்சிகளைத் துவைத்தவர் அவர்தான். அது ஒரு தோட்டத்துக் கழகம். தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயன் வீடுகள் இடிபட்டன. ஆட்கள் லூபோக் சீனாவிலிருந்து பத்து பெரண்டாம்வரை தாமான் தாமானாகச் சிதறினார்கள். கழகம் மட்டும் அந்தத் தோட்டத்தின் பெயரை வைத்துக்கொண்டு மாவட்ட லீக்கின் அடிவரிசையில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசி இடத்துக்கு வரும் குழு லீக்கைவிட்டு வெளியே போகவேண்டும். நாங்கள் இரண்டு வருடமாகக் கடைசிக்கு முந்தின இடம். ஆட்டக்காரர்கள் மொத்தம் பதினான்கு பேர். நான் செயலாளர். திங்கட்கிழமை பதினான்கு ஜெர்சிகளை எண்ணி மூட்டை கட்டி அக்காவிடம் கொடுப்பதும், வெள்ளிக்கிழமை எண்ணி வாங்குவதும் என் வேலை.

அக்கா ஓர் ஆட்டத்தைக்கூடப் பார்த்ததில்லை. சனிக்கிழமைதான் கடையில் கூட்டம் அதிகம். ஆனால் எங்கள் குழுவைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது என்பதை நான் காலம் கடந்து உணர்ந்தேன். ஆட்டக்காரர்களை அவர் எண்களாகத்தான் சொல்வார். “ஏழாம் நம்பருக்கு முழங்கால்ல அடியா? காச்சட்டையில மருந்து வாட அடிக்குது.” “ஒம்பதாம் நம்பர் பாதி ஆட்டத்துக்கு மேல ஒக்கார வெச்சிட்டீங்களா? வேர்வையே இல்ல.” நான் நோட்டைப் புரட்டிப் பார்ப்பேன். சரியாக இருக்கும்.

அந்த ஆண்டு எங்கள் கேப்டன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். புதுக் கேப்டனைத் தேர்ந்தெடுக்கச் செயலவை கூடியது. ஏழு பேர். இடம், கழகத் தலைவரின் லோரிப் பட்டறை. தலைவர் லோரிகள் வைத்து நடத்துபவர். வெளியூர் ஆட்டங்களுக்குக் குழு போய்வரும் வேனும் அவருடையது. அவருடைய சகோதரி மகன் ரூபன், பதினோராம் நம்பர், எங்கள் குழுவில் கோல் அடிக்கத் தெரிந்த ஒரே ஆள். கேப்டன் ரூபன்தான் என்று எல்லாருக்கும் தெரியும். கூட்டம் பத்து நிமிடத்தில் முடியும் என்று நானே எதிர்பார்த்தேன்.

அக்கா கையில் இரண்டு பிளாஸ்டிக் பைகளோடு உள்ளே வந்தார்.

“என்னாக்கா, இந்தப் பக்கம்?” என்றார் தலைவர்.

“கேப்டன் போடறீங்களாம்லா. அதான் வந்தேன்.”

“அது செயலவ வேலக்கா.”

“ஒங்க செயலவயோட அழுக்க யாரு தொவைக்கிறா? நகத்துங்க அந்தக் கோப்பிய.”

போன சீசனின் கடைசி ஆட்டத்து ஜெர்சிகளில் இரண்டை அவர் துவைக்காமல் எடுத்து வைத்திருந்தார். முதல் பையைப் பிரித்துப் பதினோராம் எண்ணை மேசைமேல் விரித்தார். மழையில் நடந்த ஆட்டம் அது. ஆனாலும் ஓரத்தில் இரண்டு சேற்றுப் பொட்டுகள்தான் இருந்தன. வாசனைத் தைலம் மணத்தது.

“இத தொவைக்கவே வேணாம். அயர்ன் பண்ணி சாமிக்குச் சாத்தலாம்.”

பொருளாளர் சிரித்துவிட்டார். தலைவர் அவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அடுத்த பையில் ஐந்தாம் எண். தற்காப்பில் நிற்கும் குமரேசனுடையது. முழங்கைகளில் சேறு, நெஞ்சில் புல்லின் பச்சை. இடது தோளில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பழுப்பாக ஒரு கறை.

“இது மண்ணு இல்ல. ரத்தம். அவன் ஒடம்புல காயம் இல்ல, நான் கேட்டேன். யாரோட ரத்தம் இது?”

அந்த ஆட்டத்தில் எங்கள் கோல் கீப்பர் கம்பத்தில் மோதி நெற்றி உடைந்தது. ஏழு பேரில் ஐந்து பேர் திடலில் குடைகளோடு நின்றிருந்தோம். என் நாட்குறிப்பில் எத்தனையாவது நிமிடம், எத்தனை தையல் என்பதெல்லாம் இருந்தது. யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று நான் எழுதவில்லை.

“குமரேசன்தான் தூக்கிட்டுப் போனான்,” என்றார் பொருளாளர் மெதுவாக. “வேன் உள்ள வர முடியல. ரோடு வரைக்கும் தோள்ல போட்டுக்கிட்டுப் போனான்.”

எனக்கு அப்போது வந்த எரிச்சல் இன்னும் நினைவிருக்கிறது. துணி துவைப்பவர் வந்து என் குறிப்பில் இல்லாததைச் சொல்கிறாரே என்ற எரிச்சல். நான் சொன்னேன்: “அக்கா, சட்ட அழுக்கானா நல்லா வெளையாடறான்னு அர்த்தம் இல்ல. குமரேசன் மெதுவா ஓடறான். அதான் அடிக்கடி விழறான்.”

“இருக்கட்டும் தம்பி. நல்லா வெளையாடறவன நான் கேக்கல. அதுக்குப் பதினொண்ணு இருக்கான். அடுத்தவனுக்காகச் சட்டைய அழுக்காக்கிக்கிறவன் யாருன்னு கேக்கறேன். ரெண்டு வருசமா தோத்துக்கிட்டு இருக்கீங்க. தோக்கறவனுங்களுக்கு எந்த மாதிரி ஆளு வேணும்?”

வாக்கெடுப்பு நடந்தது. மூன்று பேர் தலைவர் சொல்வதற்கு மறுசொல் சொல்லாதவர்கள், தலைவரையும் சேர்த்து. மற்ற நான்கு பேர் குமரேசனுக்குக் கை தூக்கினோம். நானும் தூக்கினேன்.

அக்கா உடனே போய்விடவில்லை. ஜெர்சிகளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: “போட்டா ஒரு சீசன் முழுக்க. ரெண்டு ஆட்டம் தோத்தான்னு பாதியில எறக்கி விடக் கூடாது. அப்படி எறக்கினா அவன் அப்புறம் எந்த எடத்துலயும் நிமிந்து நிக்க மாட்டான். நான் பாத்திருக்கேன். ஒவ்வொருத்தரும் வாயத் தொறந்து சொல்லுங்க.”

ஏழு பேரும் சொன்னோம். தலைவர் கடைசியாக, “சரிக்கா, ஒரு சீசன்,” என்று சிரித்தார். நான் எழுந்து நின்று சொன்னேன். எதற்கு எழுந்து நின்றேன் என்று தெரியவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

குமரேசனுக்கு முப்பது வயது. பத்து பெரண்டாமில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு மணிநேர ஷிஃப்டு. இரவு வேலை முடித்து, சில சனிக்கிழமைகளில் சரியாகத் தூங்காமலே திடலுக்கு வருவான். அவனிடம் இருந்த குறை, குரல். திடலில் அவன் ஆட்களைக் கூப்பிட்டால் அனுமதி கேட்பதுபோல் இருக்கும். இதைக் கேள்விப்பட்ட அக்கா அவனைக் கடைக்கு வரவழைத்தார். அன்று நான் மூட்டையை எண்ணிக்கொண்டு அங்கே இருந்தேன். அவனைக் கொட்டகைக்குள், ஈரப் படுக்கைவிரிப்புகளுக்கு நடுவில், நிறுத்தினார். தான் முன்னால் மேசைக்கு வந்து நின்றுகொண்டார்.

“கத்து.”

“என்னான்னுக்கா?”

“திடல்ல என்னா சொல்லுவியோ அத.”

“மேல போ,” என்றது கொட்டகையிலிருந்து ஒரு குரல்.

“யாரு, நானா? நான் ஒனக்கு வேலைக்காரியா? எனக்குக் கேக்கலலா.”

“மேல போ.”

“அங்க தொங்கற பெட்ஷீட் கூட அசையல. கத்துடா.”

பத்துப் பதினைந்து முறை கத்தியிருப்பான். துணி எடுக்க வந்த ஒரு சீனப் பெண்மணி பயந்துபோய், உள்ளே யாருக்கு என்ன ஆயிற்று என்று மலாயில் கேட்டார். “கேப்டன்,” என்றார் அக்கா. அந்த அம்மாள் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு வேகமாகப் போனார். குமரேசன் முகம் சிவந்து வெளியே வந்தான். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் பல் தெரியச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சீசன் தொடங்கியது. முதல் ஐந்து ஆட்டங்களில் நான்கு தோல்வி, ஒன்று சமம். இதற்குக் குமரேசன் காரணமா என்று கேட்டால், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நான் எழுதி வைத்திருக்கிற குறிப்பைப் பார்த்துச் சொல்கிறேன்: இல்லை. ரூபன் அவனைக் கேப்டனாகவே ஏற்கவில்லை. குமரேசன் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. பந்து காலில் கிடைத்தால் தன்னந்தனியாகக் கொண்டுபோய் இழப்பான். இழந்ததும் இடுப்பில் கைவைத்து நிற்பான். இதைச் செயலவையில் ஒருவர்கூட அவனிடம் கேட்கவில்லை. தலைவரின் வேனில் போய்த் தலைவரின் வேனில் திரும்பி வந்தோம். நானும் கேட்கவில்லை. நோட்டில் மட்டும் எழுதினேன். நோட்டில் எழுதுவதை ஒரு செயல் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

கேட்டவர் அக்கா ஒருவர்தான். அவர் கேட்ட விதம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆறாவது ஆட்டம் ஒரு சனிக்கிழமை. மறுநாள் காலையில் தலைவரின் மகளுக்கு நிச்சயதார்த்தம். இப்போதெல்லாம் வழக்கமாகிவிட்டதே, மாப்பிள்ளை வயதுப் பையன்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் ஜிப்பா போட்டுக்கொண்டு வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வது. மயில்நீலத்தில் எட்டு ஜிப்பா தைத்திருந்தார்கள். ரூபனுடையது அக்கா கடையில் அயர்னுக்கு இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் அவன் எடுக்க வந்தபோது நான் அங்கே இருந்தேன்.

“பதினொண்ணு, இங்க வா,” என்றார் அக்கா. “இன்னிக்கு ஆட்டத்துல குமரேசன் கூப்புட்டா திரும்பிப் பாப்பியா?”

“அக்கா, ஜிப்பா குடுங்க. நேரமாச்சு.”

“பாப்பியா, மாட்டியா?”

“நீங்க ஒரு மேட்ச் கூட பாத்தது கெடையாது. ஒங்களுக்கு என்னா தெரியும்?”

“எதுக்குப் பாக்கணும்? ஒன் சட்டையத்தான் வாரா வாரம் பாக்கறனே. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அவனுக்குப் பந்து குடுத்துட்டு வா. சாயந்தரம் ஜிப்பாவ நானே கையில குடுக்கறேன்.”

அவன் சுற்றிலும் பார்த்தான். கடையில் ஆறு பேர் இருந்தோம். “இது டோபிக் கடையா, போலீஸ் ஸ்டேசனா?” என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றோம். எண்பதாவது நிமிடத்தில் குமரேசன் ஆள் இல்லாத இடத்தில் ஓடிப்போய் நின்று கூப்பிட்டான். நல்ல உரத்த குரல், நடுவரே திரும்பிப் பார்த்தார். ரூபன் பார்க்கவில்லை. மாலையில் அவன் கடைக்கு வந்தபோது, முன்னால் வந்து உட்கார்ந்திருந்த இரண்டு ஆட்டக்காரர்களிடம் அக்கா, “பாத்தானா?” என்று கேட்டார். அவர்கள் தலைகுனிந்தார்கள். அக்கா கதவை இழுத்து மூடினார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.

நிச்சயதார்த்தத்தில் ஏழு பேர் மயில்நீலத்தில் நின்றார்கள். ரூபன் வெள்ளைச் சட்டையோடு ஓரத்தில் நின்றான். அப்புறம் படத்திலிருந்தே நகர்ந்துபோனான். நானும் விருந்துக்குப் போயிருந்தேன். அவன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அக்கா செய்தது தவறு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவருக்கும் இருக்கவில்லை என்பது செவ்வாய்க்கிழமை தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை அவசரச் செயலவை. தலைவர் உட்காராமலே பேசினார். ரூபன் வேறு குழுவுக்குப் போகப்போகிறானாம். அவனோடு இன்னும் இரண்டு பேர் போவார்களாம். பிறகு என் பக்கம் திரும்பி, “வேனும் ரிப்பேருக்குப் போவணும்லா. எப்ப வரும்னு சொல்ல முடியாது,” என்றார். வேன் அன்று காலையில் நன்றாக ஓடியதை நான் பார்த்திருந்தேன்.

அக்கா வந்தார். இந்த முறை கையில் ஒன்றும் இல்லை. நின்றுகொண்டே பேசினார். அவர் அவ்வளவு தணிந்து பேசி நான் கேட்டதில்லை.

“ஜிப்பாவ வெச்சுக்கிட்டது நான். தப்புதான். ஒங்க வீட்டு விசேசத்துல அந்தப் பையன நிக்க வெச்சிட்டேன். அவங்க அம்மாகிட்ட போயி மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் இங்க வரேன். எம்மேல கோவத்தக் காட்டுங்க தலைவரே. ஜெர்சிய வேற கடைக்குக் குடுங்க, நான் ஒண்ணும் சொல்லல. அஞ்சாம் நம்பர் மேல காட்டாதீங்க. அவனுக்கு இது எதுவும் தெரியாது. ஒரு சீசன்னு சொன்னீங்க.”

“நாங்க ஆட்டத்தப் பத்திதான் பேசறோம்க்கா. கொஞ்சம் வெளிய இருங்க,” என்றார் தலைவர்.

அவர் வெளியே போய் ஒரு லோரியின் பக்கத்தில் நின்றார். சுவர் இல்லாத பட்டறை. எங்களுக்கு அவர் தெரிந்தார். அவருக்கும் நாங்கள் தெரிந்தோம்.

நான் ஓர் அட்டவணை போட்டுக்கொண்டு போயிருந்தேன். ஆறு ஆட்டங்கள், வாங்கிய கோல்கள், எந்த நிமிடத்தில், யார் பக்கத்தில். கோடுகளெல்லாம் அடிக்கோல் வைத்துப் போட்டது. அதை வாசித்தேன். குமரேசனின் பக்கத்தில்தான் அதிகக் கோல்கள் விழுந்திருந்தன, அது உண்மை. அவன் நின்ற பக்கத்தில் அவனுக்குத் துணையாக யாரும் இறங்கி வரவில்லை என்பதும் உண்மை. அதற்கு என் அட்டவணையில் கட்டம் இல்லை. வாசித்து முடித்து, எண்களைப் பார்க்கும்போது மாற்றம் தேவை என்று தோன்றுகிறது என்றேன். இதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை. வேன் போய்விடும் என்று பயந்தேன் என்று சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

மூன்று பேர் மாற்ற வேண்டாம் என்றார்கள். நான்கு பேர் வேண்டும் என்றோம்.

தலைவர் வெளியே போய், “முடிஞ்சிருச்சிக்கா,” என்றார்.

“யாரு யாருன்னு கேக்கல. எத்தன பேரு?”

“நாலு.”

அக்கா தலையை ஆட்டினார். அந்த நான்கில் மூன்று பேர் யார் என்று அவருக்கு முன்பே தெரியும். பட்டறைக்குள் திரும்பி ஒருமுறை பார்த்தார். நான் என் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

கடிதம் எழுதிக் கொடுப்பது செயலாளர் வேலை. ‘குழுவின் நலன் கருதி’ என்று தொடங்கினேன். புதன்கிழமை மாலை குமரேசனைத் தேடிப்போனபோது அவன் அக்கா கடையில் இருந்தான். தொழிற்சாலைச் சீருடை இன்னும் மாற்றவில்லை. நின்றபடியே படித்தான். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

“சரிண்ணே,” என்றான்.

அக்கா மேசையில் ஓங்கித் தட்டினார். “என்னா சரி? ஏன்னு ஒரு வார்த்த கேட்டியா? நாளைக்கு வேலைய விட்டு நின்னுக்கோன்னு கடுதாசி குடுத்தாலும் சரிம்பியா? வாயில என்னா இருக்கு ஒனக்கு? அன்னிக்குக் கொட்டாயில அவ்ளோ கத்தினியே, எங்க போச்சு அந்தத் தொண்ட? இந்த நிமிசமே போயி நான் இனி வெளையாட மாட்டேன்னு அந்த ஆளு மூஞ்சியில சொல்லிட்டு வா. போ.”

கோப்பிக் கடையில் பேச்சு நின்றுபோனது.

“நான் போனா என்கூட நாலு பேரு நின்னுருவானுங்கக்கா,” என்றான் குமரேசன். “அப்புறம் பதினோரு பேரு தேறாது. குழுவ மூடிருவாங்க.”

“மூடட்டும்.”

“வேணாங்க்கா.” பிறகு என்னைப் பார்த்து, இயல்பாகவே கேட்டான்: “சனிக்கெழம எத்தன மணிக்கிண்ணே?”

“அஞ்சு மணிக்கி,” என்றேன்.

அவன் போனான். அக்கா அவன் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காத்திருந்தேன். எனக்கு வரவேண்டியது வரும் என்று தெரியும். என்ன சொல்வார், அதற்கு என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். அட்டவணை சட்டைப்பையில் இருந்தது. அவர் திட்டட்டும், தெருவே கேட்கட்டும், முடிந்தபிறகு இரண்டு பேரும் கொஞ்சம் இலேசாவோம் என்று நினைத்தேன்.

அக்கா மேசைக்கு வந்து என் கையிலிருந்த அழுக்குத் துணிப் பையை வாங்கிக்கொண்டார்.

“எத்தன உருப்படி சார்?” என்றார்.

எத்தனை ஆண்டுகளாகத் தம்பி என்று கூப்பிட்டவர். நான் எட்டு என்றேன். எழுதிச் சீட்டைக் கொடுத்தார்.

அந்த சீசனில் நாங்கள் கடைசி இடத்துக்குப் போகவில்லை. மறுபடியும் கடைசிக்கு முந்தின இடம். ரூபன் கேப்டனாக இருந்து சில ஆட்டங்களில் வென்றோம், நிறையத் தோற்றோம். எங்கள் முடிவால் குழு பிழைத்ததா, குமரேசன் மாற்றமில்லாமல் வந்து பின்னால் நின்று ஆடியதால் பிழைத்ததா என்று எந்த அட்டவணையாலும் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் என் நோட்டில் இருக்கிறது. அதன்பிறகு குமரேசன் திடலில் யாரையும் கூப்பிடவில்லை. சீசனின் கடைசி ஆட்டம்வரை நான் கவனித்தேன். ஒருமுறைகூட இல்லை.

அக்கா தலைவரைத் திட்டினார். அடுத்த வாரமே, பெட்ரோல் நிலையத்தில், லோரி ஓட்டுநர்கள் முன்னிலையில். அவர் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் அவர் வீட்டுத் திரைச்சீலைகள் கடைக்கு வந்தன. ரூபனை வாராவாரம் திட்டினார். அவனும் வாராவாரம் போனான். பொருளாளரைத் திட்டினார், அந்த ஆள் சரியாக வாக்களித்திருந்தும். என்னை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருமுறை சீட்டைத் தொலைத்துவிட்டேன் என்று வேண்டுமென்றே பொய் சொன்னேன். அதற்கு ஒரு மனிதரை அவர் அழவைத்திருக்கிறார். “பரவால்ல சார், தேடி எடுத்துடறேன்,” என்றார். அன்று வீட்டுக்கு வரும்வரை அவர்மேல் எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. நான்கு பேர் செய்ததற்கு ஒருவனை மட்டும் இப்படியா என்று. கொலை செய்தவனுக்கும் நாலு வார்த்தை உண்டு.

இரண்டு ஆண்டுகள் இப்படிப் போயின. பிறகு அவர் கடையை மூடிவிட்டுக் கிள்ளானில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக முடிவு செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாமான்களை ஏற்றினார்கள். லோரி தலைவருடையது. ரூபன் இருந்தான், பொருளாளர் இருந்தார், இன்னும் ஆட்டக்காரர்கள் ஏழெட்டுப் பேர். குமரேசன் தனி ஆளாக ஓர் இயந்திரத்தைச் சாய்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். அக்கா நடுவீதியில் நின்று அத்தனை பேரையும் திட்டிக்கொண்டிருந்தார். “கண்ணு எங்க இருக்கு ஒனக்கு, பதினொண்ணு?” “அத தலகீழா வெக்காதலா, முட்டாளு.” “தலைவரே, லோரிய இன்னும் கிட்ட போடத் தெரியாதா, எத்தன வருசமா லோரி வெச்சிருக்கீங்க?” எல்லாரும் சிரித்துக்கொண்டே ஓடி ஓடிச் செய்தார்கள்.

அயர்ன் மேசையின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் இருந்தது. நான் போய்ப் பிடித்துத் தூக்கினேன். கனமான மேசை. படியில் இறக்கும்போது தடுமாறி, மருந்துக் கடைக் கண்ணாடியில் அதை மோதப் பார்த்தேன். வீதியே என்னைப் பார்த்தது. நான் அக்காவைப் பார்த்தேன்.

அவர் அருகில் வந்தார்.

“நீங்க விடுங்க சார்,” என்றார். “கை வலிக்கும். பையனுங்க பாத்துக்குவானுங்க.”

ரூபன் வந்து மேசையின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டான். “மெதுவாடா, எரும,” என்று அவனிடம் கத்தினார் அக்கா.